மெலிவதற்கு ஒரு மாடு

உடம்பைக் குறைக்கச் சொன்ன டொக்டர் மீது எனக்குக் கோபமில்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் பிரஷர் குளிசை வருமென்று நம்பியிருக்க முடியாது, எடையைக் குறைப்பதுதான் மருந்து என்று கிளிநொச்சியில் வைத்து அவர் நேராகவே சொன்னார். என் அம்மா இதே பிரஷரால் ஒரு பக்கம் இழுத்து, படுக்கையிலேயே கிடந்து செத்தவர். புரட்டித் துடைத்தது நான். என் பிள்ளைகள் இரண்டும் இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாத வயது. நான் விழுந்தால் யார் புரட்டுவது? மெலிந்தே ஆவது என்று முடிவெடுத்தேன். கோபமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

சோற்றைக் குறைத்தேன். கணவருக்குப் பொறுக்கவில்லை. "மனிசிக்குச் சோறு போடேலாதவன் எண்டு சனம் என்னையெல்லே கதைக்கும்" என்றார். என் இரத்தக் குழாய் வெடித்தால் சனம் என்ன கதைக்கும் என்று கேட்டேன். என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு விழுந்தது.

சீனியை விட்டேன். பக்கத்து வளவு அக்கா, சீனி தங்க விலை விற்ற அந்த நாளிலும் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி நீட்டுவார். வேண்டாம் என்றால் முகம் கறுத்துவிடும். "எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டீங்களோ?" அந்தக் கேள்விக்குள் சாதியும் இருந்தது. நான் சாதி பார்க்கிறவள் என்று அவர் நினைப்பதை விடப் பிரஷரே மேல் என்று குடித்துத் தொலைத்தேன்.

மிச்சம் இருந்தது நடைதான். உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் வாய்க்கால் கட்டு தொடங்கும். ஒரு விடியற்காலை அதை நோக்கிக் கையை வீசி வேகமாக நடந்தேன். வேலியடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த அக்கா, "எங்க வெளிக்கிட்டியள்?" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. "வெளிக்கிட்டாச்சு அக்கா, நிண்டு கதைக்க நேரமில்லை" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

வெளிக்கிடுவது என்றால் எங்களிடம் புறப்படுவது. அந்த வருடங்களில் இராணுவம் வருகிறது என்றால் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் புறப்படுவதும் அதுதான். எனக்கு அது தோன்றவில்லை. திரும்பி வரும்போது ஒழுங்கை முழுக்கச் சைக்கிள்களில் மூட்டை ஏறியிருந்தது. அக்கா அரை அவியல் சோற்றைப் பானையோடு இறக்கி வைத்திருந்தார்.

"ஆமி எந்தப் பக்கத்தால வாறானாம்?" என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள்.

"ஆமி வரேல்லை. நான் உடம்பு குறைக்க நடந்தனான்."

முன்வீட்டு மனிதர் மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "சனம் தின்ன வழியில்லாமல் மெலியுது. இவவுக்குக் கொழுப்பு."

கொழுப்புத்தான். அதைத்தானே ஐயா குறைக்கப் போனேன்! அதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றே கணவர், இனி நடக்கிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு பெண் காரணமில்லாமல் நடந்தால் ஊருக்கு ஆகாதாம். உயிரோடு இருப்பது ஒரு காரணமாக அங்கே யாருக்கும் படவில்லை.

சரி, காரணம்தானே வேண்டும்? எங்கள் மாடுகள் ஜெயபுரத்தில், கணவரின் அண்ணன் வளவில் நின்றன. அதில், முன்பு எங்கள் வீட்டில் நின்ற ஒரு சிவப்புப் பசு கயிறு அறுத்துக்கொண்டு பழைய இடம் தேடி இந்தப் பக்கம் வந்துவிட்டதாம் என்று கதை கட்டினேன். கணவர் பல்லை நெறுமினாலும் காட்டிக்கொடுக்கவில்லை. கையில் ஒரு கயிற்றுத் துண்டோடு தினமும் வாய்க்கால் கட்டில் நடந்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது மட்டுமா? உருகினார்கள். கொழுப்பு என்று சொன்ன அதே மனிதர் சைக்கிளை நிறுத்தி, "பாவம், ஏன் நடக்கிறியள், காரியரில ஏறுங்கோ, நான் தேடித் தாறன்" என்றார். அது சைக்கிள் போகாத இடத்தில்தான் நிற்கும் என்று சொல்லித் தப்பினேன். இன்னொரு நாள் யாருடையதோ சிவப்பு மாட்டை என் வாசல் படலையில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். அதன் சொந்தக்காரரிடம் நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

ஆனால் மெலிந்தேன். சட்டை தொளதொளத்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் கையில் பட்டியைச் சுற்றி அமத்திப் பார்த்துவிட்டு, பிரஷர் இறங்கிவிட்டது, இப்படியே விடாமல் நடவுங்கோ என்றார். வரும் வழியெல்லாம் எனக்குக் கண்ணீர் வந்தது. படலையில் நின்ற அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.

"பிரஷர் இறங்கிட்டுது அக்கா. எனக்கு இனிப் பயமில்லையாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அது கிடக்கட்டும். கவலையில இப்பிடி உருகிப் போனீங்களே, மாடு கிடைச்சதோ?"

மாடே தொலையவில்லை என்று கத்த வாய் வந்தது. ஆனால் நாளைக்கும் நான் நடக்க வேண்டும்.

"இல்லை அக்கா" என்றேன். "இன்னும் தேடுறன்."