ஆணியில் மாட்டிய நீலக் கோப்பை

பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று கிளினிக்கில் எண் வரக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எதிர்ச் சுவரில் கை, கால், வாய்ப்புண் நோய் பற்றி மலாயில் ஒரு சுவரொட்டி. அதில் ஒரு குடும்பம் வரிசையாக நின்றது. அப்பா கையில் ஒரு நிறக் கோப்பை, அம்மா கையில் வேறு நிறம், குழந்தை கையில் இன்னொரு நிறம். இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. நிறத்தைப் பிரித்துவிட்டால் மாமாவோடு சண்டையே வேண்டாமே. எண் வருவதற்குள் கைப்பேசியில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் தயாராகிவிட்டது.

மாமா என் கணவரின் அப்பா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஆக, கோலா கெத்திலில் அந்த வரிசை வீட்டில் ஒன்றரை வயது பாப்பா, மாமா, நான். நான் பிறந்து வளர்ந்தது தெற்கே, ஜொகூரில். இங்கே எனக்குப் பள்ளித் தோழி கிடையாது, சித்தி வீடு கிடையாது. பாப்பா பிறக்கும்வரை சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணோடு வீட்டில் உட்கார்ந்தால் எதைத்தான் விட முடியும்?

மாமா வாழைப்பழத்தை மென்று பாப்பா வாயில் வைப்பார். தரையில் விழுந்த பிஸ்கட்டைச் சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துத் திரும்பக் கொடுப்பார். தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு அவர் வியர்வையையும் துடைக்கும், பாப்பாவின் மூக்கையும் துடைக்கும்.

"மாமா, மென்னு குடுக்காதீங்க. எச்சில்ல கிருமி போகும்."

"எங்கம்மா எனக்கு அப்படித்தான் குடுத்துச்சு. எழுபது தாண்டிருச்சு. இன்னும் சாகல லா."

"அது அந்தக் காலம், மாமா."

"அந்தக் காலத்துல கக்கூசுக்குள்ள போன் கொண்டு போவல. நீ கொண்டு போற. அதையே புள்ள கையில குடுக்குற. நான் பிஸ்கட்ட தொடச்சா மட்டும் பாவமா?"

மறுநாள் முதல் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் போனேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அவருடைய சட்டங்கள் இருந்தன. வெளியே போய் வந்தால் பின்வாசல் குழாயில் கால் கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டார். குளிக்காமல் பாப்பாவைத் தூக்கமாட்டார். நான் கார் சாவியோடு நேராக உள்ளே வந்து அவளைத் தூக்கினால் என் காலையே பார்ப்பார்.

இப்போது எண்ணிப் பார்த்தால், ஒரு நாளில் இன்னொரு பெரிய ஆளோடு நான் வாய்விட்டுப் பேசியது இந்தச் சண்டைகளில்தான்.

பாப்பாவுக்கு வந்தது அந்தச் சுவரொட்டி நோயேதான், ஆனால் லேசாக. எங்கிருந்து ஒட்டியதென்று டாக்டருக்கே தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது போல ஒரு வேகம். வழியிலேயே கடையில் நிறுத்தி நான்கு நிறத்தில் பிளாஸ்டிக் கோப்பைகள், நான்கு நிறத்தில் துண்டுகள் வாங்கினேன். சிவப்பு பாப்பாவுக்கு, மஞ்சள் எனக்கு, பச்சை அவளுடைய அப்பாவுக்கு, நீலம் மாமாவுக்கு. ஒரு அட்டவணை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். மூன்று கோப்பைகள் அலமாரிக்குள் போயின. மாமா பின்வாசல் படியில் உட்கார்ந்துதானே குடிப்பார், அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நீலத்தை மட்டும் வெளியே, குழாய்க்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினேன். நல்ல ஏற்பாடு என்று எனக்கே பெருமை. படம் பிடித்துக் கணவருக்கும் அனுப்பினேன்.

மாமா சந்தையிலிருந்து வந்து கால் கழுவக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு மாமா. உங்களுக்கு மட்டும். இனிமே உள்ள இருக்கற கப்ப எடுக்காதீங்க, பாப்பாவுக்கு ஒட்டிக்கும்."

"ம்."

"தேத்தண்ணி கலக்கட்டுமா?"

"வேணாம்மா."

நான் எதிர்பார்த்தது ஒரு கிண்டல். கலர் கலரா என்ன இது, பாலர்பள்ளியா என்று கேட்பார், நான் விளக்கம் சொல்லலாம் என்று வாயில் பதில்கூட வைத்திருந்தேன். அவர் காலைக் கழுவினார், அறைக்குள் போனார், கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஏழு மணிக்கே கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் தேநீர், பசியாறல், பத்திரிகை. பகலில் வந்து குளித்தார், நான் மூடி வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், மறுபடி கிளம்பிவிட்டார். பாப்பா அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டபோது இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். அவளைத் தொடவில்லை.

"அம்மாகிட்ட போடா கண்ணு. தாத்தா அழுக்கு."

கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

ஐந்து நாள் இப்படியே போயிற்று. பாப்பாவின் புண் ஆறியது. நான் நினைத்த சுத்தம் முழுதாகக் கிடைத்துவிட்டது. மென்ற பழம் இல்லை, சட்டையில் தேய்த்த பிஸ்கட் இல்லை, எதிர்த்துப் பேச ஆளும் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்வரை வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். அது நின்றதும் துவைத்த துணியையே இன்னொரு முறை போடலாமா என்று தோன்றும். ஐஸ்பெட்டியில் ஒட்டிய அட்டவணையைப் பாப்பாவுக்குப் பாடம் மாதிரி வாசித்துக் காட்டினேன். பொட்டலம் கொண்டுவந்த மலாய்ப் பையனிடம் வெயில் அதிகம், இல்லையா என்று பேச்சை வளர்த்தேன். அவன் பாவம், மோட்டாரை அணைக்காமலே நின்றான். பாப்பா வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தாத்தா, தாத்தா என்று தெருவைக் கூப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் மதிய இடைவேளையில் கணவர் அழைத்தார்.

"நீ அனுப்பின படத்த இப்பதான் சரியா பாத்தேன். அப்பா கப்ப வெளியவா மாட்டியிருக்க?"

"அவர் வெளியதானே குடிக்கறாரு. வசதிக்கு."

அவர் ஆட்களிடமிருந்து தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பாட்டி, அப்பாவோட அம்மா, தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வீட்ல கூட்டிப் பெருக்கற வேல செஞ்சாங்க. அந்த வீட்டுப் பின்னால ஆணியில ஒரு மங்குக் கோப்ப தொங்குமாம். பாட்டியும் சின்னப் பையனா இருந்த அப்பாவும் அதுலதான் குடிக்கணும். உள்ள இருக்கறத தொடக்கூடாது. அப்பா எங்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லியிருக்காரு, குடிச்சிட்டு."

"கிராணியும் தமிழர்தானே?"

"அதனாலதான்."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். நான் ஐஸ்பெட்டி அட்டவணையைக் கிழித்துவிட்டு, பின்வாசலுக்குப் போய்க் கோப்பையை எடுத்தேன். உள்ள இருக்கற கப்ப எடுக்காதீங்க. கிட்டத்தட்ட அதே சொற்களை நானும் சொல்லியிருந்தேன், சிரித்துக்கொண்டே.

அன்று அவர் சாப்பிட வந்ததும் அட்டவணை இல்லாத ஐஸ்பெட்டியைப் பார்த்தார்.

"மாமா, நான் தெரியாம செஞ்சிட்டேன். நோய்க்காகத்தான்."

"நீ என்னம்மா செஞ்ச, ஒண்ணும் செய்யல. படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுவ."

"தேத்தண்ணி கலக்கறேன், உள்ளயே உக்காருங்க."

"கடத் தண்ணி பழகிப்போச்சும்மா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அழுதாவது முடித்திருப்பேன். படிச்ச புள்ள என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனதால் எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

மென்று கொடுப்பது கூடாது என்பதில் நான் இன்னும் மாறவில்லை. அதை அவரிடம் மறுபடி சொல்லத்தான் போகிறேன், அவரும் மறுபடி பதில் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு அவரை உள்ளே வாங்க என்று கூப்பிடும் இடத்தில் நான் நிற்கிற வரைக்கும் அவர் வரமாட்டார் என்று தோன்றுகிறது.

நாளைக் காலை பாப்பாவைக் குளிப்பாட்டி, அந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன். அவருடைய மேசையில் கூட்டாளிகள் இருப்பார்கள். மருமகள் கடைக்கு வந்து நிற்கிறாளே என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். நோயைப் பற்றி முதலில் பேசக்கூடாது. அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்கலாமா என்று தெரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்த எடுப்பில் ஒன்றே ஒன்று செய்வதாக இருக்கிறேன். "மாமா, நாங்க இங்க உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருக்கப் போகிறேன்.