உரிமப் படத்தில் இருந்தவர்

எங்கள் ஸ்காபரோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தன் அண்ணனைப் பார்ப்பதற்காக ஒரு பெண் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். எட்டு வருடங்களாக அவள் அவரைக் கண்டதில்லை. அவளை அங்கே வரவழைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீடு வாங்கி முதற்கோடை முடிந்திருந்தது. முன்பு இருந்தவர்கள் எல்லா அறைகளுக்கும் கடும்பச்சை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயின்ற் அடிக்க ஆள் தேடுமுன் நான் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கினேன். மாநகரசபைக் கட்டடத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. வீட்டு வேலைக்கு வருபவரிடம் உரிமம் கேளுங்கள், அதிலுள்ள படத்தோடு ஆளை ஒப்பிட்டுப் பாருங்கள், வேலை விபரத்தை எழுத்தில் வாங்குங்கள், முன்பு வேலை செய்வித்த இருவருடனாவது பேசுங்கள் என்றெல்லாம் இருந்தது. அடிக்கோடிட்டு வாசித்துக் கோப்பில் வைத்தேன்.

“எங்கடை ஆக்களிட்டை லைசன்ஸ் கேட்டால் ஒருத்தரும் வராயினம். பேந்து நீங்கள்தான் ஏணியிலை ஏறவேணும்” என்றாள் மனைவி. “நீங்கள் விழுந்தால் அந்தத் திகதியை நான் எழுதிவைக்கிறன்.”

ஆனால் வந்தவர் நான் கேட்குமுன்பே உரிம அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். முப்பது வயது மதிக்கலாம். மெலிந்த, அமைதியான மனிதர். பெயரையும் இலக்கத்தையும் புதுப்பித்த திகதியையும் நான் குறிப்பேட்டில் பதிந்துகொண்டேன். படத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தேன். படத்தில் இருந்தவருக்கு அடர்த்தியான மீசை, வந்தவர் மழித்திருந்தார். என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே அட்டையைப் பிடித்துப் பார்ப்பது மரியாதையாகப் படவில்லை. எங்களுக்கென்று வேறொரு பரிசோதனை இருக்கிறதே. எந்த ஊர், எந்தப் பக்கம், ஆருடைய மகன் என்று கேட்டேன். ஊரைச் சொன்னார். தகப்பன் தபாற்கந்தோரில் வேலை செய்ததைச் சொன்னார். சின்ன வயதில் குப்பிவிளக்கு விழுந்து மணிக்கட்டில் சுட்ட தங்கையைப் பற்றியும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐந்து நாள் வேலை. ஆணித்துளைகளை அடைத்து, உரஞ்சி, அடிப்பூச்சு ஒன்றும் மேற்பூச்சு இரண்டும் அடித்தார். குறை சொல்ல எதுவுமில்லை. ஒன்றுதான் விநோதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உடனே திரும்பமாட்டார். சுவரில் ஓடிக்கொண்டிருந்த உருளை நின்றுவிடும். வேறு யாரோ பதில் சொல்ல இடம் விடுவதுபோல ஒரு கணம் வாசற்பக்கம் பார்ப்பார். பிறகுதான் “ஓம் அண்ணை” என்பார்.

“அந்தத் தம்பியைக் கூப்பிடவே எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள் மனைவி. “அவர் திரும்ப முந்தி, பின்னாலை வேற ஆரோ திரும்பிற மாதிரி இருக்கு.”

நான் சிரித்தேன். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அருகே போய்த்தான் பேசினேன்.

அப்போது எங்கள் வாசகர் வட்டம் மாதமொரு தாள் அச்சிட்டுத் தமிழ்க் கடைகளில் வைப்பது வழக்கம். பெயின்ற் அடிக்க ஆள் பிடிப்பது எப்படி என்று அதில் ஒரு கட்டுரை எழுதினேன். துண்டுப்பிரசுரத்தின் அறிவுரைகளைத் தமிழில் விளக்கி, உரிமம் உள்ளவர், நம்பி வேலை கொடுக்கலாம் என்று முடிவில் இவருடைய பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் வந்தாள். கலியாணமாகி ஜேர்மனியிலிருந்து வந்து நாலு மாதம் என்றாள்.

“அண்ணை, அது என்ரை அண்ணான்ரை பெயர். அப்பான்ரை பெயரும் சரி. மாசத்துக்கொருக்கா கொழும்பிலை அம்மாவோடை கதைக்கிறாராம். நான் நம்பர் கேட்டால், அவன் உன்னோடை கதைக்கமாட்டானாம் எண்டுறா அம்மா. நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஒருக்கா அவரைக் கேக்கவேணும். அவ்வளவுதான்.”

மகிழ்ச்சியான ஒரு சந்திப்புக்கு ஒழுங்கு செய்கிறேன் என்றே நினைத்தேன். கதவோரம் கொஞ்சம் பெயின்ற் உரிந்துவிட்டது, சனிக்கிழமை பின்னேரம் வர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். தங்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நவம்பர் மாதத்து முதற்சனி என்று நாட்குறிப்பில் இருக்கிறது. மழை வருமாப்போல வானம் இருண்டிருந்தது. அவள் பொறுக்கமுடியாமல் இரண்டு மணி நேரம் முந்தியே வந்துவிட்டாள். அண்ணாவுக்குப் பிடிக்கும் என்று எள்ளுருண்டை செய்து கொண்டுவந்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கக் கை நீட்டியபோது மணிக்கட்டில் அந்தச் சுட்ட தழும்பைக் கண்டேன். எல்லாம் பொருந்திவிட்டது என்று என் மனம் ஆறியது.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாளியும் தூரிகையுமாக அவர் உள்ளே வந்தார். அவள் சிரித்தபடி எழுந்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் அவரைத் தாண்டித் திறந்திருந்த வாசலுக்குப் போயின.

“அண்ணா வரேல்லையோ?” என்று அவரிடமே கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு அவளை ஒரு செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்தப் பெயரைச் சொல்பவர் உலகத்தில் அண்ணா ஒருவர்தான் என்று பிறகு என் மனைவியிடம் சொன்னாளாம்.

அவர் வாளியைக் கீழே வைக்காமலே பேசினார். “உங்கடை அண்ணாவும் நானும் ஒரு பேஸ்மென்ரிலை ஒண்டா இருந்தனாங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே வேலை. ராவிலை ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவான். மூண்டு வருசத்துக்கு முந்தி, மாசி மாதம், காலமை வேலைக்கெண்டு போனவன் திரும்பி வரேல்லை. லைசன்ஸ் மற்ற ஜக்கெற்றிலை கிடந்தது. ஆஸ்பத்திரியள் எல்லாம் தேடினன். பொலிசுக்குப் போக எனக்குப் பயம். என்ரை அகதிக் கேஸ் முடியேல்லை.”

“அப்ப அம்மாவோடை கதைக்கிறது?”

“பத்து நாளிலை அம்மாதான் போன் எடுத்தவ. லைன் சரியில்லை. தம்பி, நீயோ எண்டா. ஓம் அம்மா எண்டிட்டன். வேற என்னத்தைச் சொல்ல? பேந்து மாசாமாசம் கதைக்க வேண்டியதாப் போச்சு.”

“லைசன்ஸ்?” என்றேன் நான்.

“புதுப்பிக்கப் போனன் அண்ணை. கவுண்டரிலை இருந்த வெள்ளைக்கார மனிசி படத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, முத்திரை குத்தித் தந்தா. அவையளுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம்தான்.”

காணாமற்போனவர் மூன்று வருடங்களாக உரிமம் புதுப்பித்துக்கொண்டிருந்தார், சுவர்களுக்கு வர்ணம் அடித்தார், தாயோடு பேசினார். அதனால்தான் ஒருவரும் அவரைத் தேடவில்லை. இலக்கமும் திகதியும் பிழையில்லாமல் எழுதி நானும் அவரை உயிரோடு வைத்திருந்தேன்.

“அண்ணா உயிரோடை இருக்கிறாரோ?” என்று அவள் கேட்டாள்.

“தெரியாது தங்கச்சி.”

அவள் எள்ளுருண்டைப் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள்.

“என்னோடை கதைக்கமாட்டன் எண்டு ஏன் சொன்னனீங்கள்?”

“நான் அப்பிடிச் சொல்லவே இல்லை. உங்களைப் பற்றிக் கேட்டால் அம்மா கதையை மாத்திப்போடுவா.”

அவள் நிமிர்ந்தாள். “அம்மாவை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?”

“அம்மா எண்டுதான்.”

“அண்ணா அம்மாவை ‘அக்கா’ எண்டுதான் கூப்பிடுறவர். சித்திமார் கூப்பிடுறதைக் கேட்டுப் பழகினவர். ஒருநாளும் அம்மா எண்டு கூப்பிட்டதில்லை.”

வாளி நிலத்தில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அப்படியானால் முதல் நாளே, முதற்சொல்லிலேயே, அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அவர் மாதாமாதம் இவரோடு பேசியிருக்கிறார். மகளுக்கு மட்டும் தெரியவிடாமல், அவன் உன்னோடு கதைக்கமாட்டான் என்று சொல்லி மறைத்திருக்கிறார்.

அவள் அழவில்லை. எள்ளுருண்டைப் பாத்திரத்தைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இனி எப்ப எடுப்பியள்?”

“நாளைக்கு. காலமை.”

“எடுங்கோ. என்னைக் கண்டதெண்டு சொல்லாதேங்கோ” என்றாள். “நாளைக்கும் அம்மா எண்டே கூப்பிடுங்கோ.”