அடுப்புக்கு மேலே ஒரு காட்டுக்கோழி

சூரியநெல்லி ஏற்றத்தில் பஸ் நிற்கிறது. ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம், ஆற வேண்டும். மழைக்கு ஒதுங்கி எதிர் டீக்கடைக்குள் நுழைகிறேன். அடுப்புக்கு மேலே கம்பியில் ஒரு காட்டுக்கோழி முழுசாகத் தொங்குகிறது. புகையில் வற்றிக் கறுத்து, விறகுக்கட்டை மாதிரி இருக்கிறது. மூன்று நாளாக பன்னும் கடுங்காப்பியுமாகக் காலம் தள்ளும் எனக்கு நாக்கு ஊறுகிறது.

கடை நடத்தும் ரோசம்மாளிடம், அதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்கிறேன்.

“வெந்நீர்ல ஊறப்போட்டு, அம்மியில தட்டி, நல்லமிளகும் சின்ன உள்ளியும் சேத்து சாறு வைக்கணும் சார். பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் ஊறும். பாலும் நல்லா வரும்.”

சொல்லும்போது அவள் முகம் மலர்கிறது. அந்தத் தைரியத்தில், “ஒரு காலை மட்டும் வறுத்துத் தர முடியுமா?” என்று கேட்டுவிடுகிறேன். வெட்கங்கெட்ட நாக்கு.

“எம் மவளுக்குன்னு கட்டினது சார். அவளுக்கு எட்டாம் மாசத்துல எங்க வீட்டுக்காரரு கண்ணி வச்சுப் பிடிச்சாரு. பிரசவத்துல அவளும் போயிட்டா, பிள்ளையும் போயிட்டு.”

“எப்பம்மா?”

“போன கிறிஸ்மஸுக்கு முந்தி.”

இது ஆடி மாதம். என் கண் தானாகக் கோழியிடம் போகிறது. அதை அவளும் பார்த்துவிடுகிறாள். என் டீக்காக ஈர விறகொன்றை அடுப்புக்குள் தள்ளுகிறாள். புகை மேலே ஏறுகிறது.

“கெட்டுப்போனா எடுத்து வீசிரலாம்னுதான் நெனைக்கேன் சார். அது கெடவே மாட்டேங்கு.”