துண்டுக்குள் கை

“துண்டைக் கொஞ்சம் விலக்குங்க ஐயா, விரல் தெரியோணும்ல” என்றாள் நந்திதா, போனைத் தாழ்த்திப் பிடித்தபடி.

“விரல் தெரிஞ்சா அது யாவாரமே இல்லீங்க அம்மணி. பக்கத்துக் கடைக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னுதானுங்க துண்டே” என்று சிரித்தார் திருமூர்த்தி. துண்டுக்கடியில் கையை விரித்து வைத்திருந்தார். எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்பர் அலி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய காய்கறி மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் பிழைப்பு நடத்தியவர்களின் நினைவுகளைச் சேகரிக்கும் குழு ஒன்றில் இருந்தாள் நந்திதா. துண்டு போட்டு விலை பேசுவதைக் காட்ட முடியுமா என்று அவள் கேட்டபோது, கோட்டைமேட்டில் அக்பர் பாய் வீட்டில்தான் காட்டுவேன் என்று திருமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் நினைப்பு வேறு. பாய்க்கு நினைவு தப்பிக் கொஞ்ச காலமாகிறது. மகன் அனீஸையே மருந்துக்கடைக்காரர் என்கிறாராம். முகம் மறந்தால் மறந்துபோகட்டும், கை மறக்காது என்று திருமூர்த்தி நம்பினார்.

அப்படி நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. தாராபுரத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வந்த காலமெல்லாம் பாயின் மண்டியைத் தவிர வேறெங்கும் இறக்கியதில்லை. மற்றவர்களிடம் பாய் விரலைப் பிடித்து அமுக்கி விலை சொல்வார். திருமூர்த்தியிடம் மட்டும் விரலைத் தொடமாட்டார். மூடிய கையை அப்படியே அவர் உள்ளங்கையில் வைப்பார். நீ வைத்ததுதான் விலை என்று அர்த்தம். கிணறு வற்றி, காட்டை விற்று, கணபதிப் பகுதியில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகும், பார்க்கிறபோதெல்லாம் பாய் கையை மூடித்தான் கொடுப்பார். “வாடா தாராபுரத்தான்” என்பார்.

பாயின் கை துண்டுக்குள் வந்தது. திருமூர்த்தி மூச்சை அடக்கிக்கொண்டார்.

விரல்கள் வந்தன. அவருடைய இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்து அமுக்கின.

“எந்த ஊரு சரக்குங்க?”

“தாராபுரமுங்க பாயி.”

“ஈரமா இருக்குதுங்க. அதுக்கு மேல கட்டாதுங்க.”

திருமூர்த்தி விரல்களை உருவிக்கொண்டு மறுபடியும் உள்ளங்கையை விரித்து வைத்தார். விலை படியவில்லை என்று எடுத்துக்கொண்ட பாய், அரை விரலைக் கூடுதலாகப் பிடித்துக் கொடுத்தார்.

“ரெண்டு வார்த்த கோர்வையாப் பேசி எத்தன நாளாச்சுங்கண்ணா!” என்று கதவோரம் நின்ற பாயின் மனைவி ரம்ஜான் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“சூப்பருங்க ஐயா, இன்னொருக்கா?” என்றாள் நந்திதா.

திருமூர்த்தி பாயின் விரலை அமுக்கி அந்த விலைக்குச் சம்மதம் சொன்னார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“போதுங்க அம்மணி. யாவாரம் முடிஞ்சுபோச்சு.”

“நல்ல பார்ட்டிங்க நீங்க” என்றார் பாய். “அடுத்த லோடையும் நம்ம கடைக்கே கொண்டாங்க.”

“கொண்டாரனுங்க.”

மறுநாள் காலை நந்திதா வீடியோவை அனுப்பியிருந்தாள். மருமகள் கீதா போட்டுக் காட்டினாள். திருமூர்த்தி பாதி பார்த்துவிட்டுப் போதும் என்றார். பதினோரு மணி வாக்கில் ரம்ஜான் பீவி கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை வர முடியுமா, யார் வருவதாக அவரிடம் சொல்வது என்று கேட்டாள்.

“வெங்காய யாவாரி ஒருத்தர் வாராருன்னு சொல்லுங்க” என்றார் திருமூர்த்தி.

பிறகு ரேஷன் கடைக்குப் போனார். பருப்பு வரவில்லை. அரிசி மட்டும் வாங்கி வந்தார்.