ஒஸ்லோவில் பழைய பட்டணம் எங்கை?

ஊர் காட்டும் தொழிலில் நடப்பது பெரிய காரியமில்லை. காட்டுவதற்கு ஓர் ஊர் இருக்க வேண்டும், அதுதான் பெரிய காரியம். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்கு ஒஸ்லோவைக் காட்டப் போய் வியர்த்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஸ்டொக்ஹோமில் வளைந்த தெருவும் மஞ்சள் வீடுமாகப் பழைய பட்டணத்தைப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். இறங்கியதும் "உங்கடை பழைய பட்டணம் எங்கை?" என்பார்கள். நீங்கள் ஒரு நாள் பட்ட பாட்டை நான் ஒரு கோடை முழுக்கப் பட்டேன்.

பாலர் பாடசாலையில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி என் தோள் போயிற்று, தோளோடு வேலையும் போயிற்று. ஐம்பத்துநாலு வயதில் வீட்டிலேயே இருந்து பார்த்தேன். கொஞ்ச நாளில் தேத்தண்ணீர்க் கேத்திலோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கே பயம் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் சின்னதாகச் சுற்றுலா நிறுவனம் ஒன்றை நடத்தும் இங்கர் என்ற நோர்வேஜியப் பெண், தமிழில் ஊர் காட்ட ஆள் தேடினார். கோடை முழுக்கச் சோதனைக் காலம். "வந்த சனம் பழைய பட்டணத்தைப் பாத்தம் எண்டு சந்தோசமா எழுதவேணும். எழுதினா வேலை நிரந்தரம், இல்லையெண்டா கோடையோடை சரி" என்றார். அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது கேத்திலுக்குத்தான் தெரியும்.

எது புதிசு, எது பழசு?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு நூல் மில்லில் பெரிய பொறுப்பு. எதையும் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொள்கிற ஆள். முதலில் கோட்டைக்குப் பக்கத்தில் நேர்கோடு போட்ட மாதிரி ஓடும் தெருக்களைக் காட்டினேன். சிவப்புச் செங்கல் வீடுகள், மரச்சட்டம் வைத்த சுவர்கள், கல் பாவிய முற்றங்கள். "இது புதிய பட்டணம்" என்றேன். நானூறு வருடங்களுக்கு முன் பழைய பட்டணம் எரிந்துபோனது, அங்கே திரும்பக் கட்டக்கூடாது என்று அன்றைய ராசா சனத்தைக் கிளப்பி இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார், புதிய பட்டணத்துக்குத் தன் பெயரையே வைத்தார், வெகுகாலத்துக்குப் பிறகு அந்தப் பெயரைத் தூக்கிவிட்டுப் பழைய பட்டணத்தின் பெயரான ஒஸ்லோவையே எல்லாவற்றுக்கும் வைத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே தலை சுற்றியது.

பிறகு டிராமில் ஏற்றிப் பழைய பட்டணத்துக்குக் கூட்டிப்போனேன். கம்லெபியன் என்று இங்கே அதற்குப் பெயர். பழைய பட்டணம் என்றுதான் அர்த்தம். இறங்கினால் புல்வெளி. புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் சில கற்சுவர்கள். அந்தப் பக்கம் ரயில் பாதை, இந்தப் பக்கம் கண்ணாடி பதித்த புது மாடிவீடுகள். அப்பாக்காரர் ஒரு முழு வட்டம் திரும்பிப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க அக்கா, புது டவுன்னு காட்டுனீங்க, அது பழசா இருந்துச்சு. பழைய டவுன்னு கூட்டிட்டு வந்தீங்க, இது புதுசா இருக்குதுங்க. போர்டு ஏதும் மாத்தி மாட்டிட்டாங்களா?"

ராசாவின் விரல்

துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மகளைப் பார்க்க மட்டக்களப்பிலிருந்து ஒரு ரீச்சர் வந்திருந்தா. புதிய பட்டணத்துச் சதுக்கத்தில், கையுறை போட்ட பெரிய கை ஒன்று, கை மட்டும், நிலத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. "இந்த இடத்தில்தான் பட்டணம் வரும்" என்று ராசா காட்டியதன் ஞாபகம். ரீச்சர் அதைச் சுற்றிவந்து, மேலும் கீழும் பார்த்து, மிச்ச ராசா எங்கே என்று கேட்டா. நியாயமான கேள்விதானே? இன்னொரு சதுக்கத்துக்கு நடத்திக்கொண்டுபோய் முழு ராசாவையும் காட்டினேன். அங்கேயும் அவர் நிலத்தைத்தான் சுட்டிக்கொண்டு நிற்கிறார். இதை நான் அதற்கு முன் யோசித்ததே இல்லை.

ரீச்சர் வகுப்பில் பிழை பிடித்த முகத்தோடு என்னைப் பார்த்தா. என்னையும் மகள் என்றுதான் கூப்பிடுவா. "மறுகா மகள், அங்கயும் விரல் காட்டுறார், இஞ்சயும் விரல் காட்டுறார். பட்டணத்த எங்க வைக்கிறதெண்டு அவருக்கே தெரியாமத்தான் இரிந்திரிக்கு."

கோட்டையில் நடந்த மறியல்

மதுரைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தொழிற்சங்கத்தில் முன்னுக்கு நின்ற ஆள் என்பதைக் கைகுலுக்கும்போதே சொல்லிவிட்டார். கோட்டை மதிலடியில் நின்று, "இஞ்சை முந்தி மறியல் இருந்தது. கன சனம் மறியலிலை இருந்தே செத்துப்போச்சினம்" என்றேன். அவர் கண்கள் பளிச்சென்று விரிந்தன. மறியலில் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்றார். எனக்கு விளங்கவில்லை, சாப்பாடு கேட்டிருப்பார்கள் என்றேன். கொடுத்தார்களா என்றார். ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்றேன். யாராவது இடையில் எழுந்து போனார்களா என்றார். எப்படிப் போவது, காலில் சங்கிலி என்றேன். சங்கிலியால் தங்களைத் தாங்களே கட்டிக்கொண்டார்களா என்று அவர் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. நான் குழம்பிப்போய் "ஓம்" என்றேன்.

எங்கள் ஊரில் மறியல் என்றால் சிறை, அவர் ஊரில் மறியல் என்றால் போராட்டம் என்பது வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது. ஆனால் அவரோ அதற்குள் மதிலைப் பார்த்துக் கை உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டார். "சாகுற வரைக்கும் மறியல்ல இருந்திருக்காங்க, ஒருத்தன்கூட பணிஞ்சு வேலைக்குத் திரும்பலையேம்மா. இவங்கதாம்மா தொழிலாளிங்க!"

வழி முழுக்க ஆறுதல்

இதில்தான் என் வேலைக்கே ஆபத்து வந்தது. சென்னையிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். மழை தூறிக் கல் வழுக்கியதால் "ஆறுதலா நடவுங்கோ" என்றேன். சுவர்களுக்கு முன்னால் "ஆறுதலாப் பாருங்கோ" என்றேன். கேள்வி கேட்டபோது "டிராமிலை ஆறுதலாக் கதைப்பம்" என்றேன். அவசரப்படாமல் என்றுதான் சொன்னேன், வேறென்ன? மூத்தவர் இளையவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். இளையவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். எனக்குத்தான் ஆறுதல் தேவைப்படுகிறது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ, வழி முழுக்கக் கையை விடவே இல்லை.

அடுத்த நாள் இங்கர் என்னைக் கூப்பிட்டார். அந்தச் சகோதரிகள் இணையத்தில் தமிழில் எழுதியதைக் கணினி நோர்வேஜிய மொழிக்கு மாற்றியிருந்தது: வழிகாட்டி அக்கா மிகவும் அன்பானவர், வழி முழுக்க ஆறுதல் சொன்னார், பழைய பட்டணத்தைத்தான் கடைசிவரை பார்க்க முடியவில்லை. நான் சொல்லின் பொருளை விளக்கினேன். விளக்க விளக்க இங்கரின் நெற்றி இன்னும் சுருங்கியது. கடைசியில் அடுத்த நடைக்குத் தானும் வருவதாகவும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார். கதவடியில் அவர் சொன்ன வார்த்தைதான் அன்றிரவு முழுக்கக் காதுக்குள் நின்றது: "பவானி, பழைய பட்டணத்தைக் காட்டச் சொல்லித்தானே உம்மை வைச்சனான். அதைக் காணாத கவலைக்கு நீரே ஆறுதலும் சொல்லி அனுப்புறீரோ?"

இங்கர் கூட வந்த நாள்

அன்றைக்கு வந்தவர்கள் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஹம்மர்பெஸ்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். கணவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை, பெயர் சிவம். மனைவி ராணி. இரண்டு பேருக்கும் ஊர் வலிகாமம் வடக்கு. நோர்வேயில் இத்தனை காலம் இருந்தும் தலைநகரைச் சுற்றிப் பார்க்கவில்லையாம். இங்கர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தார். அவர் வருவதாலேயே நான் பாடமாக்கியதெல்லாம் மறந்துபோனது. ராசாவையும் தீயையும் மாற்றிச் சொன்னேன். ராசா எரிந்துபோனார், தீ சனத்தைக் கிளப்பியது என்று என் வாயில் வந்தது.

சுவர்களுக்கு வந்ததும் "இது முந்திப் பெரிய கோயில்" என்றேன். தேவாலயத்தையும் நாங்கள் கோயில் என்றுதானே சொல்கிறோம். சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு பேரும் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள். காலுறையையும் கழற்றினார்கள். பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. இங்கர் ஓடிவந்து என் காதில், "இவை குளிக்கப் போகினமோ?" என்று கேட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். குளிரில் வெறுங்காலோடு நிற்பவர்களைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ராணி அக்கா சுவரைக் கடக்கக் கால் தூக்கினா. "சுவராலை ஏறாதை, வாசலாலை வா" என்றார் சிவம் அண்ணை. முழங்கால் உயரச் சுவருக்கு வாசல் எங்கே என்று நான் யோசிப்பதற்குள் ராணி அக்கா சுற்றிப்போய், கல் விட்டிருந்த இடைவெளியால் உள்ளே வந்தா. வந்தவ நடுவில் நின்று, எரிந்த பிறகு சனம் ஏன் இங்கேயே கட்டவில்லை என்று கேட்டா. ஹம்மர்பெஸ்டும் ஒருகாலத்தில் முழுக்க எரிந்ததுதான், அங்கே அதே இடத்தில்தானே திரும்பக் கட்டினார்கள் என்றார் சிவம் அண்ணை. ராசா விடவில்லை என்றேன். இந்த முறை சரியாகச் சொன்னேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சுவரடியாக மெல்ல நடந்து, இது அறையாக இருக்கும், இந்தப் பக்கத்தால் வெளிச்சம் வந்திருக்கும் என்று தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினார்கள். மழை வலுத்தது. டிராம் ஒன்று வந்து போனது. அவர்கள் வெளியே வரவில்லை. என்ன கதைக்கிறார்கள் என்று இங்கர் கேட்டதால், ராணி அக்கா அப்போது சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்: "எங்கடை வீடும் இப்ப இவ்வளவு உயரத்திலைதான் நிக்குது, தங்கச்சி. சண்டைக்கை ஆமி பிடிச்ச ஊரைத் திருப்பி விட்டாப் பிறகு போய்ப் பாத்தனாங்கள். அதைப் பாக்க ஒரு பஸ்ஸும் வாறேல்லை."

முடிவு

அவர்கள் நோர்வேஜிய மொழியிலேயே எழுதினார்கள், கணினி குறுக்கிட இடமில்லை. இங்கர் அதைத் தன் மேசையில் இருந்து சத்தமாக வாசித்தார்: பழைய பட்டணத்தில் ஒன்றுமே இல்லை, நெடுநேரம் நின்று பார்த்தோம், எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். இது முறைப்பாடா பாராட்டா என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டுக்கும் தலையாட்டி வைத்தேன். இங்கர் இன்னொரு தரம் தனக்குள் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் விளங்கேல்லை, பவானி. ஆனா அந்த மழையிலை அதுகள் வெளியிலை வரமாட்டம் எண்டு நிண்டதை நானும் பாத்தனான். கோடை முடிஞ்சு மாரி வந்தாலும் நீரே சனத்தோடை நடவும்."

ஆக, இல்லாத ஊரொன்றை இருக்கிற மாதிரிக் காட்டத் தெரிந்தால் போதும், எதுவுமே சரியாக விளங்காத ஒருத்திக்கும் ஒஸ்லோவில் நிரந்தர வேலை கிடைத்துவிடும்.