பெரம்பலூரில் எடுத்த பாலி போட்டோ

பாங்காக், சிங்கப்பூர், பாலி கடற்கரை என்று சுற்றிவிட்டு நானும் கணவரும் போன வாரம்தான் ஊர் திரும்பினோம். ஹாலில் மாட்ட ஒரு படம் பிரிண்ட் போடலாம் என்று இன்று பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

போனில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த ஸ்டுடியோக்காரர், "ஏங்க, ரெண்டு பேரும் தனித்தனியாவா போனீங்க?" என்றார்.

உண்மைதான், ஒரு படத்தில் நான் இருந்தால் அடுத்ததில் அவர். சேர்ந்து எடுத்த ஒன்றிரண்டு செல்ஃபியிலும் என் நெற்றியும் அவர் மூக்கும்தான் இருந்தன.

"தெரியாத ஊருல எவங்கிட்ட போனைக் குடுக்கறது? வாங்கிட்டு ஓடிட்டான்னா?" என்றார் கணவர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அட, இதுக்கு ஏன்க்கா அழுவுறீங்க?" என்று எங்களைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தினார் ஸ்டுடியோக்காரர். "பின்னாடி கடல நான் வச்சுத் தரேன். சார், மொறைக்காதீங்க. கொஞ்சம் ஒட்டி நில்லுங்க."

கணவர் கூச்சத்தோடு என் தோளில் கை போட்டார். பாலியில்கூடப் போடாத கை!

படம் அருமையாக வந்தது. உடனே 'பாலியில் நாங்கள்' என்று குடும்ப குரூப்பில் போட்டேன். அரியலூரிலிருந்து நாத்தனார் கேட்கிறாள்: "சூப்பர் அண்ணி! தலை நெறைய மல்லிப்பூ வச்சிருக்கீங்களே, அங்கயும் முழம் போட்டு விக்கிறாங்களா?"

இன்னும் பதில் போடவில்லை. என்ன சொல்லித் தப்பிக்கலாம், சொல்லுங்களேன்.