பசுவுக்கு ஊட்டிய ரோஜா

மகளிர் தினமென்று நான் வேலைபார்க்கும் கம்பெனி வாசலில் பெண்களுக்கு ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். முகர்ந்தேன். பூவாசமே இல்லை, அப்பாவின் சட்டையில் அடித்த அதே மருந்து வாடை.

என் சின்ன வயதில், மத்திகிரிப் பக்கம் ஒரு பூ கம்பெனியில் அப்பா ரோஜாச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்தார். ஏற்றுமதிக்கு ஆகாத பூக்களைச் சாக்கில் கட்டிவருவார். முள்ளைக் கிள்ளிவிட்டு எங்கள் பசுவுக்கு நான்தான் ஊட்டுவேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வெங்கடம்மாக்கா பசுவைத் தடவி, "என்னமா மினுமினுன்னு இருக்குது" என்றார். மறுநாளே அது நுரை தள்ளிச் செத்தது.

"அவ கண்ணுதான் என் மாட்டத் தின்னுடுச்சு" என்று தெருவே கேட்க அம்மா அழுதாள்.

"சத்தியமா நான் ஒண்ணும் நெனைக்கலம்மா" என்று வாசலில் வந்து நின்றார் வெங்கடம்மாக்கா. அம்மா கதவைச் சாத்தினாள். அப்பா வாயே திறக்கவில்லை. அதற்குப்பின் தெருவில் யாரும் வெங்கடம்மாக்கா கையில் குழந்தையைக் கொடுக்கவில்லை. அவர் செத்தபோது முகம் பார்க்கக்கூட நாங்கள் போகவில்லை.

பூவை மறுபடி முகர்ந்தேன். அப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. செத்த பசுவின் கன்றுக்குப் பூ கேட்டு நான் எவ்வளவு அழுதும், அதன்பிறகு அவர் வீட்டுக்கு ஒரு பூகூடக் கொண்டுவரவில்லை.